கணக்கு வராதவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பது எப்படி: நெல்லைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வள்ளியூரிலிருந்து ஆலங்குளம் வரை பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பான். மார்க்கைப் பார்த்த மாமா, "கணக்குல 52 வாங்கிட்டு கம்ப்யூட்டர் கேக்கான் பாரு. எப்படிலே தேறுவ?" என்பார். கடைசியில், "கணக்கே இல்லாத கம்ப்யூட்டர் கோர்ஸ் எதுவும் இருக்கா?" என்று தெரிந்த வாத்தியாரிடம் விசாரிப்பதில் போய் நிற்கும்.

அப்படி ஒரு கோர்ஸ் கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் மாமா நினைப்பதும் சரியல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உயிரான கணக்கு, பிளஸ் டூவில் உங்களைப் படுத்திய தொகையீடும் கூம்பு வெட்டும் அல்ல. கணங்கள், தர்க்கம், எண்ணும் முறைகள், மீதி பார்க்கும் கணக்கு, வரைபடங்கள், நிகழ்தகவு இவைதான். நுண்கணிதமும் வரும், முதலாண்டில் ஒரு தாளாக. அதைப் பாஸ் செய்தாக வேண்டும், அதில் மேதை ஆக வேண்டியதில்லை.

இன்னொன்று. "எனக்குக் கணக்கு வராது" என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஓட்டை இருப்பது பன்னிரண்டாம் வகுப்பில் அல்ல. ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எங்கோ ஒரு இடத்தில் விழுந்த ஓட்டை, மேலே வரவர பெரிதாகியிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

படி 1: ஓட்டை எங்கே என்று பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். கால்குலேட்டர், ஃபோன் இரண்டும் வேண்டாம்.

1. 3/4-லிருந்து 2/5-ஐக் கழித்தால் எவ்வளவு?
2. −3(2 − 5எக்ஸ்) என்பதை விரித்து எழுதுங்கள்.
3. எக்ஸ்² − 5எக்ஸ் + 6 என்பதைக் காரணிப்படுத்துங்கள்.
4. 2³ × 2⁵ எவ்வளவு? 2⁻² எவ்வளவு?
5. ஒரு சார்பு, கொடுக்கிற எண்ணை இரட்டிப்பாக்கி ஒன்றைக் கூட்டித் தரும். அதில் 3-ஐப் போடுங்கள். வந்த விடையைத் திரும்ப அதிலேயே போட்டால் என்ன வரும்?
6. 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி என்ன?
7. நான்கு பேர் ஒரு பெஞ்சில் எத்தனை விதமாக மாறி மாறி உட்காரலாம்?
8. "மழை பெய்தால் பள்ளிக்கு லீவு" என்பது உண்மை. இன்று லீவு. அப்படியானால் இன்று மழை பெய்தது என்று உறுதியாகச் சொல்லலாமா?

விடைகள்: 7/20, −6 + 15எக்ஸ், (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3), 256, 1/4, 15, 2, 24, சொல்ல முடியாது, லீவு வேறு காரணத்துக்கும் விட்டிருக்கலாம்.

முதல் நான்கும் பள்ளி இயற்கணிதம். பின் நான்கும் கம்ப்யூட்டர் சயின்ஸில் வருகிற ஜாதி. பின் நான்கில் மூன்று சரி, முன் நான்கில் இரண்டு தப்பு என்ற கணக்கில் நிறையப் பேர் வருகிறார்கள். இவர்களுக்கு மூளை சரியாகத்தான் ஓடுகிறது, கைதான் தடுமாறுகிறது: பின்னம், கழித்தல் குறி, அடுக்கு. கழித்தல் குறியில் சறுக்குகிறவருக்கு மேட்ரிக்ஸ் கணக்கு ஒருநாளும் சரியாக வராது, ஆனால் அவர் மேட்ரிக்ஸைத்தான் குறை சொல்வார். இந்தக் கோளாறு ஒரு மாதப் பயிற்சியில் சரியாகும். எட்டிலும் தப்பு என்றாலும் படிக்கலாம், நேரம்தான் கூடுதலாக வேண்டும். அவர்கள் படி 2-ஐ மட்டும் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

படி 2: எந்த வாசல் வழியாக நுழைவது

பிளஸ் டூவில் கணிதம் படித்தவருக்குப் பி.இ. வாசல் திறந்திருக்கிறது. கலந்தாய்வு கட் ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் 60, மற்ற இரண்டிலும் எண்பது எண்பது என்றால் 60 + 40 + 40 = 140. பாளையங்கோட்டை அரசுப் பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு இது போதாது. தனியார் கல்லூரிகளில் இடம் கிடைக்கும். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத இடஒதுக்கீட்டை மறக்கக் கூடாது. அதில் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம்ம பக்கம் இன்னும் இது தெரியாமல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ்" என்ற போர்டுக்குத்தான் இப்போது கிராக்கி. கணக்குக்குப் பயந்து வருகிறவரையும் வீட்டில் அதில்தான் சேர்க்கப் பார்க்கிறார்கள். அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு மூன்று கணிதத் தாள்: முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இரண்டாவதில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ், மூன்றாவதில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ். ஏஐ பிரிவுக்கு இவற்றோடு நிகழ்தகவும் புள்ளியியலும் தனித்தாளாக உண்டு, மற்ற பாடங்களுக்குள்ளும் அதே கணக்குதான் ஓடும். கணக்கில் பலவீனம் என்றால் சாதா கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ எடுங்கள். ஏஐ ஆசையை, கணக்கு கைக்கு வந்தபின் விருப்பப் பாடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், 2025-இல் சேர்ந்தவர்களுக்கே புதியது வந்துவிட்டது. சேரும் வருஷத்துக்குரியதை இறக்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காமர்ஸ், பயாலஜி படித்து வருகிறவர்களுக்குப் பிசிஏ. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கக் கலைக்கல்லூரிகளில் பிசிஏவும் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸும் பரவலாக இருக்கின்றன. பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூவில் கணிதம் கட்டாயமா என்பதைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள், சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பின்னால் எம்சிஏ போகும்போது, கணிதத்தைப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ படித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். அதனால் துணைப்பாடத்தில் கணிதம் இருக்கிற பிசிஏவாகப் பார்த்துச் சேருங்கள். கணக்கு இல்லை என்பதற்காகவே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வருஷம் கழித்து அதே கணக்கு வாசலில் நிற்கும்.

பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம். முதலாண்டின் இரண்டு கணிதத் தாளும் தப்பியது என்று நிம்மதியாக வருகிறவர்களை மூன்றாம் செமஸ்டர் டிஸ்கிரீட் முதல் வாரத்திலேயே பிடித்துவிடும். அவர்கள் சேருமுன் படி 3-ஐ முடித்திருப்பது நல்லது.

சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கேட்பதில்லை. ஆனால் நுழையும் முன் நான்கு வாரப் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள், நான்கு பாடங்களில் இரண்டு கணிதமும் புள்ளியியலும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதால் லேசானது என்று நினைக்க வேண்டாம்.

படி 3: கல்லூரி திறக்கும் முன் உள்ள மாதங்கள்

ரிசல்ட்டுக்கும் பொறியியல் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே மூன்று மாதம் போல கிடைக்கும், கலைக்கல்லூரி என்றால் கொஞ்சம் குறையும். இந்த நாட்களில்தான் பலர் காசு கட்டி ஏதோ ஒரு சென்டரில் "சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான்" நான்கையும் சேர்த்துப் படிக்கப் போகிறார்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். வேண்டியது தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகங்கள்தான். இணையத்தில் இலவசமாக இறக்கலாம். அச்சுப் புத்தகம் தெருவில் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும்.

முதல் மாதம் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள். பின்னம், அடுக்குகள், இயற்கணிதக் கோவைகள், காரணிப்படுத்தல், கண மொழி. தினம் ஒரு மணி நேரம். எடுத்துக்காட்டைப் பார்த்துவிட்டு "புரிஞ்சிட்டு" என்று நகராமல், புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் மாதம் பத்தாம் வகுப்பு. முழுப்புத்தகம் வேண்டாம். உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், நிகழ்தகவு. இதில் எண்களும் தொடர்வரிசைகளும் பாடத்தில் கொஞ்சம் தங்க வேண்டும். யூக்ளிடின் வகுத்தல் முறை, மட்டு எண்கணிதம் இரண்டும் அங்கே இருக்கின்றன. பரீட்சைக்கு நாலு மார்க் என்று தாண்டிப்போன இடம் அது.

மட்டு எண்கணிதம் நம்ம ஊரில் ரொம்பக் காலமாக நடப்பதுதான். முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு 25 பீடி ஒரு கட்டு என்று தெரியும். அம்மா 1,010 பீடி சுற்றியிருந்தால் 40 கட்டு போக 10 மிச்சம். அந்த 10-தான் 1,010 மட்டு 25. கம்ப்யூட்டரில் ஹேஷ் டேபிள் என்று ஒன்று வரும். பதிவு எண்ணை ஓர் எண்ணால் வகுத்து, வருகிற மீதியைப் பார்த்து எந்த அறையில் வைப்பது என்று முடிவு செய்வார்கள். ரகசியக் குறியீடும் இதே மீதிக்கணக்கின் மேல்தான் நிற்கிறது.

யூக்ளிட் முறையை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 252-க்கும் 105-க்கும் மீப்பெரு பொது வகுத்தி வேண்டும். 252-ஐ 105-ஆல் வகுக்க மீதி 42. 105-ஐ 42-ஆல் வகுக்க மீதி 21. 42-ஐ 21-ஆல் வகுக்க மீதி இல்லை. விடை 21. மீதி சைபர் ஆகும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தீர்கள் அல்லவா? ஒரு லூப்புக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். பைத்தானில் நாலைந்து வரிதான். கையால் போட்ட அன்றே ஃபோனில் ஒரு பைத்தான் செயலியில் அதை எழுதிப் பாருங்கள். கணக்கும் புரோகிராமும் சேர்ந்து வளர வேண்டும், ஒன்றை முடித்துவிட்டு மற்றது என்றால் இரண்டும் நிற்காது.

மூன்றாம் மாதம் பதினொன்றாம் வகுப்பில் கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள் பாடமும், சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும். பிறகு பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் பாடத்துக்குப் போங்கள். அதன் பெயரே தனிநிலைக் கணிதம். டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் என்று கல்லூரியில் பயமுறுத்தும் பாடத்தின் முதல் யூனிட்டில் பாதி அங்கேயே இருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருப்பதால் அவசரமாக நடத்தப்பட்ட பாடம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒருபக்கம் கணம், சார்பு, அணி, வரிசை மாற்றம், சேர்வு, எதிர்பக்கம் செட், ஃபங்ஷன், மேட்ரிக்ஸ், பெர்முட்டேஷன், காம்பினேஷன் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நூறு சொல் தாண்டாது. இது இல்லாமல் முதல் மாதம் வகுப்பில் உட்கார்ந்தால், தெரிந்த கணக்கே தெரியாத மாதிரி இருக்கும்.

படி 4: வகுப்பு தொடங்கியபின்

முதல் செமஸ்டர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் குறி தெளிவாக இருக்கட்டும்: அரியர் விழக்கூடாது. 2021 பாடத்திட்டத்தில் உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 (தாள் 100 மார்க்குக்கு, அதை 60-ஆகக் குறைப்பார்கள்). மொத்தத்தில் 50 சதவீதமும், தேர்வில் மட்டும் 45 சதவீதமும் வேண்டும். கணிதத் தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, பதினாறு மார்க் கேள்வி ஐந்து. ஐந்து யூனிட்டுக்கு ஒன்று வீதம், ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. மேட்ரிக்ஸ் யூனிட்டைக் கையில் பிடித்தால் கிட்டத்தட்ட இருபது மார்க் பத்திரம். அது சிந்தனையைவிடப் பொறுமை கேட்கிற யூனிட், பலவீனமான மாணவருக்கு ஏற்றது.

மேட்ரிக்ஸ் யூனிட்டில் ஐகன் மதிப்பு என்று வரும், ஒரு மேட்ரிக்ஸுக்கே உரிய சிறப்பு எண்கள், லாம்டா என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3 என்று ஒரு மேட்ரிக்ஸ். மூலைவிட்ட எண்களைக் கூட்டினால் 7. அணிக்கோவை 12 − 2 = 10. ஆக லாம்டா² − 7லாம்டா + 10 = 0. விடைகள் 5, 2. இரண்டையும் கூட்டினால் 7, பெருக்கினால் 10 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் மேலே எங்கோ குறி பிசகியிருக்கிறது, அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே திரும்புங்கள். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸுக்கும் இதே சரிபார்ப்புதான். கணக்கில் வீக்கானவர் தப்பு செய்யாமல் இருக்க முடியாது, செய்த தப்பை அதே பக்கத்தில் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாம் செமஸ்டர் நியூமரிக்கல் மெத்தட்ஸ் பகுதி கால்குலேட்டரும் அட்டவணையும்தான். நியூட்டன் ராப்சன், சிம்ப்சன் எல்லாவற்றையும் புரோகிராமாக எழுதிப் பாருங்கள், பரீட்சைக்கும் மனதில் நிற்கும். புள்ளியியலில் எந்தச் சோதனையை எப்போது போடுவது என்று ஒரு பக்கக் குறிப்பு வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

உங்கள் உழைப்பின் பெரும்பகுதி மூன்றாம் செமஸ்டருக்குப் போக வேண்டும். டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் ஒன்றாக வரும். இரண்டையும் தனித்தனிப் பாடமாக நினைத்தால் இரண்டுமே கனக்கும். 60 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை ஒப்பிட 60 × 59 / 2 = 1,770 ஒப்பீடு. இது சேர்வுக் கணக்கு. அதுவே இரண்டு லூப் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட புரோகிராம் செய்யும் வேலையின் அளவும்கூட. மாணவர் பத்து மடங்காகி 600 ஆனால் ஒப்பீடு 1,79,700, அதாவது நூறு மடங்குக்கும் மேல். மாறாக, அகரவரிசையில் அடுக்கிய ஆயிரம் பெயரில் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால் பத்துப் பார்வையில் கிடைத்துவிடும். பத்து லட்சம் பெயர் என்றாலும் இருபதுதான். எத்தனை தடவை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும் என்ற எண்தான் இங்கே மடக்கை (லாகரிதம்). அது எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லாத விஷயம் இங்கே விளங்கும். அல்காரிதம் பாடத்தில் வருகிற கணக்கில் பாதி இதுதான்.

தர்க்கத்தில் ஓர் இடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் விழுவார்கள். "வெளியூர்க்காரராகவும் முதலாண்டு மாணவராகவும் இருப்பவருக்கு விடுதியில் இடம்" என்று ஒரு விதி. யாருக்கு இடமில்லை? "உள்ளூர்க்காரராகவும் முதலாண்டு அல்லாதவராகவும் இருப்பவருக்கு" என்று எழுதிவிடுவார்கள். தப்பு. "உள்ளூர்க்காரர் அல்லது முதலாண்டு அல்லாதவர்" என்பதுதான் சரி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலே இடமில்லை. புரோகிராமில் இஃப் கண்டிஷனைத் திருப்பிப் போடும்போது இதே பிசகு பிழையாக வந்து ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் நாலு வரி உண்மை அட்டவணை போட்டுப் பாருங்கள், அரை நிமிஷ வேலை.

நிரூபணம் எழுதுவதுதான் நிஜமாகவே கஷ்டமான பகுதி. இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. தொகுத்தறிதல் நிரூபணங்களை முதலில் பார்த்து எழுதி, பிறகு பாராமல் எழுதி, பிறகு பக்கத்தில் உள்ளவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். சொல்லும்போது எங்கே வாய் நிற்கிறதோ அங்கேதான் புரியவில்லை.

படி 5: அன்றாடப் பழக்கம்

தினம் ஐந்து கணக்கு, ஞாயிறு உட்பட. பரீட்சைக்கு முந்தின வாரம் ஐம்பது போடுவது வேலைக்காகாது. யூடியூபில் நல்ல பாடங்கள் இருக்கின்றன, என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் டிஸ்கிரீட் பாடமே இலவசமாக இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு மணி நேரம் கையால் போட வேண்டும். சாட்ஜிபிடியிடம் விடை கேட்காதீர்கள். நீங்கள் போட்ட படிகளைக் கொடுத்து, எந்த வரியில் தப்பு என்று மட்டும் கேளுங்கள். அதுவும் சில நேரம் தப்பாகச் சொல்லும், அதைக் கண்டுபிடிப்பதும் பயிற்சிதான்.

செங்கோட்டை பாசஞ்சரில் அம்பையிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் வந்துபோகிற பிள்ளைகள், ரயிலில் கணக்குப் போட முயன்று கையெழுத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று வராத ஒரு கணக்கை மனதில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எழுதுவது வீட்டில் இருக்கட்டும். உட்கார இடமில்லாத வீடு என்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தின் மேசை இருக்கிறது.

கூட்டாகப் படிக்க மூன்று பேர் போதும், அதில் ஒருவராவது உங்களைவிட நன்றாகப் போடுகிறவராக இருக்கட்டும். ஐந்து பேர் சேர்ந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

படி 6: வேலைக்கான கணக்கும் அரியரும்

கேம்பஸ் தேர்வில் முதல் சுற்று ஆப்டிட்யூட். சதவீதம், விகிதம், வேலையும் நேரமும், ரயிலும் தூரமும்: எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு, கடிகாரத்தோடு. படி 3-இன் முதல் மாதத்தை ஒழுங்காகச் செய்தவருக்கு இது தனிப் பாடமாகவே தோன்றாது. தென்காசி மத்தளம்பாறையில் இருக்கிற ஸோஹோ போன்ற இடங்களைக் குறிவைத்தால் புரோகிராம் எழுதும் கைதான் முதலில் வேண்டும். மேற்படிப்புக்கு கேட் நுழைவுத் தேர்வு எழுத நினைப்பவர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் பொறியியல் கணிதம் 100-க்கு 13 மார்க் அளவில் வரும் என்பதையும், பொது ஆப்டிட்யூட் 15 என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு கணிதத் தாளில் அரியர் விழுந்துவிட்டால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். மறுமதிப்பீட்டுக்குப் போடுவதா என்பதை நகலைப் பார்த்த பிறகு, உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். எந்த யூனிட்டில் மார்க் போனது என்று அதில் தெரியும், அடுத்த முறை அந்த யூனிட்டிலிருந்து தொடங்கலாம். அரியரைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளாதீர்கள். கேம்பஸுக்கு வருகிற பல கம்பெனிகள் அரியர் நிலுவையில் இருந்தால் உட்காரவே விடுவதில்லை, அந்தப் பட்டியலை ஆறாம் செமஸ்டர் முடியும்போதே துறையில் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.